எங்களுக்கு உதவியாள் வேண்டாம் என்பது குறித்து மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் எங்கள் வயதுக்கு எவ்வளவு நலமாக இருக்கலாமோ அவ்வளவு நலமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் மகளும் பேத்தியும் அதைவிட ஒரு படி மேலாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையெழுத்து அத்தையுடையதாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். வார்த்தை ஒவ்வொன்றும் என்னுடையது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். பெரிய அதிகாரிகள் எல்லாரும் இப்படித்தான் கடிதம் போடுகிறார்கள். என் வலது கைக்கு எட்டு மாதமாகக் கொஞ்சம் ஓய்வு கொடுத்திருக்கிறேன், வேறொன்றுமில்லை.

முந்தாநாள் போனில், "மனுவை ஏன் மாமா தள்ளிட்டாங்க? எல்லாச் சான்றிதழும் வெச்சுத்தானே அனுப்பினேன்?" என்று கேட்டீர்கள். உடனே விளக்கியிருப்பேன். ஆனால் போனை என் காதோரம் பிடித்துக்கொண்டிருந்த உங்கள் அத்தைக்குக் கை வலித்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். முழுவதையும் பொறுமையாகப் படியுங்கள். படித்து முடித்ததும் மேல்முறையீடு என்ற பேச்சையே எடுக்கமாட்டீர்கள்.

முதலில் என் கொள்கை. அது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். முப்பத்தோரு வருடம் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். டிக்கெட் இல்லாமல் ஏறியவனை அவன் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். ஜன்னலுக்கு வெளியே என்னமோ முக்கியமான விஷயம் நடப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பான். அரசாங்க உதவி என்று கையை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த ஜன்னலோர ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். நான் உழைத்தேன், வரி கட்டினேன், ஒரு வருடம்கூடத் தாமதமானதில்லை. வரி அலுவலகத்திலேயே வேலை பார்க்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் நாள் முழுக்க உட்கார்ந்து வசூலிக்கிறீர்கள், அடுத்த கட்டடத்தில் இருக்கிறவர்கள் அதை எடுத்து வாரி இறைக்கிறார்கள், உங்களுக்கு வயிறு எரிவதில்லையா என்று போன தடவை சாப்பாட்டு மேஜையில் கேட்டேன். அதற்கு நீங்கள், "மாமா, வரியும் டிக்கெட்தான். நீங்க வண்டியில ஏறாமலே முப்பது வருஷமா டிக்கெட் எடுத்திருக்கீங்க. கால் வலிக்குது இப்போ, ஏறி உட்காருங்களேன்" என்றீர்கள். அன்றைக்கு எனக்குப் பதில் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை என்பது வேறு விஷயம். மாப்பிள்ளை சொல்லிவிட்டாரே என்று மரியாதைக்காகத்தான் விட்டுவிட்டேன்.

காலையில் நாலு மணி நேரம் ஓர் ஆள் வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, உடுத்திவிட்டுப் போவார், அதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கும் என்ற அந்தத் திட்டத்தில் நீங்கள் எனக்காக மனுப் போட்டபோது நான் சம்மதித்ததற்கு ஒரே காரணம், மகள் போனில் அழுதாள். "அம்மா இடுப்பு ஒடிஞ்சிரும்ப்பா" என்று அழுதாள். பெண்கள் அழும்போது ஆம் என்று சொல்லிவிட்டு அப்புறம் நியாயம் பேசுவது என் வழக்கம். உண்மையில் இந்த வீட்டில் யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை. குளியலறையில் ஒரு சின்னச் சறுக்கல், அதிலிருந்து வலது பக்கம் கொஞ்சம் மெத்தனமாக வேலை செய்கிறது, அதைப் பார்த்து இடது கையும் சோம்பேறியாகிவிட்டது. மற்றபடி காலையில் ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறேன் (அத்தை எழுப்பி உட்காரவைக்கிறாள்), பல் துலக்குகிறேன் (பிரஷ்ஷை அவள் பிடித்துக்கொள்கிறாள், தலையை நானேதான் ஆட்டுகிறேன்), குளிக்கிறேன், சவரம் செய்துகொள்கிறேன், பேப்பர் படிக்கிறேன். பக்கம் திருப்ப மட்டும் கூப்பிடுவேன். இந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் நான் சொன்னதில்லை. உங்கள் அத்தை தானாகச் சேர்த்திருக்கிறாள். அடிக்கச் சொன்னேன். கடிதம் அசிங்கமாகிவிடும் என்கிறாள். நான் சொல்ல வந்தது, யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ்ந்தவன் நான், இப்போதும் அப்படித்தான் வாழ்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் நிலைமையை நேரில் பார்த்து மதிப்பிட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வருவதாகக் கடிதம் வந்தது. வீட்டுக்கு ஒரு வெளியாள் வருகிறார் என்றால் என்ன செய்வோம்? முதல் நாளே வீட்டைக் கழுவித் துடைத்தாள் அத்தை. ஜன்னல் திரையெல்லாம் துவைத்துப் போட்டாள். என் கட்டிலுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் பேசின், மருந்து டப்பாக்கள், நீங்கள் வாங்கி அனுப்பிய சக்கர நாற்காலி, வாக்கர், சொல்லவே கூச்சமாக இருக்கிற அந்த ஓட்டை போட்ட நாற்காலி, எல்லாவற்றையும் கண்ணில் படாமல் எங்கே வைப்பது என்று யோசித்துக் கடைசியில் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். வைத்தோம் என்றால் அத்தையும் பக்கத்து வீட்டுக்காரரும் வைத்தார்கள், நான் மேற்பார்வை பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறையை மூடிவிட்டார்களாம், அதனால் வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை வாங்குகிறார். மூடியது பட்டறையைத்தானே, இவர் கையை யார் மூடினார்கள் என்று நான் கேட்பதுண்டு. நான் வைத்த பேர் சலுகை. முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுகிறேன், அவரும் "சொல்லுங்க ஐயா" என்று வந்துவிடுகிறார், சுரணையில்லாத மனுஷன். அன்றைக்கு அந்த ஓட்டை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று, "ஐயா, அந்தம்மா உங்க கஷ்டத்தைப் பார்க்கத்தானே வர்றாங்க. கஷ்டத்தை எல்லாம் தூக்கி என் வீட்டுல வெச்சுட்டா அவங்க எதைப் பார்ப்பாங்க?" என்றார். "கஷ்டத்தை ஊருக்குக் காட்டிக் காசு வாங்குறது உங்க வழி, எங்க வழி வேற" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை அத்தை என்னைத் தயார் செய்தாள். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பேண்ட், பாலிஷ் போட்ட ஷூ, வேலையில் இருந்தபோது கட்டிய கைக்கடிகாரம். கூடத்தில் கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் தலையணை செருகி, தலையணை தெரியாமல் மேலே ஒரு துண்டைப் போட்டாள். கால்மேல் கால் போட்டால்தான் உடம்பில் தெம்பிருக்கிற மாதிரி தெரியும் என்று நான் சொன்னதால், வலது காலைத் தூக்கி இடது கால்மேல் வைத்தாள். அது இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை நின்றது. அதோடு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் வந்தாள். நம் மகள் வயதுதான் இருக்கும். மரியாதையான பெண், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள். மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள். "நடமாட்டம் எப்படிங்க ஐயா?" ஓடுகிற பஸ்ஸில் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் முப்பத்தோரு வருடம் நடந்தவன்மா நான் என்றேன். எழுதிக்கொண்டாள். "தனியா குளிச்சுக்குவீங்களா?" "பின்னே? ஊரைக் கூட்டிக்கிட்டா குளிப்பாங்க?" சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள். "சாப்பாடெல்லாம்?" "வேளாவேளைக்கு. இந்த வீட்டுல சாப்பாடு ஒரு நாள் அஞ்சு நிமிஷம் தாமதமானதில்லை." "சட்டைப் பட்டன் எல்லாம் நீங்களே போட்டுக்க முடியுதுங்களா?" "நீயே பாரும்மா, ஒரு பட்டனாவது மாறியிருக்கா?" ஒரு பட்டனும் மாறியிருக்கவில்லை. அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "ஒரே ஒரு தடவை எழுந்து நின்னு காட்டுங்க ஐயா, போதும்." நான் கொஞ்சமும் அசரவில்லை. "வந்த விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது வீட்டுக்காரன் எழுந்திருச்சா, போயிட்டு வான்னு சொல்ற மாதிரி ஆயிடும். அது எங்க வீட்டுல வழக்கமில்லைம்மா" என்றேன். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு மரியாதையை இந்த வேலைக்கு வந்த பிறகு பார்த்ததில்லை என்றாள். மாப்பிள்ளை, இதில் எங்கேயாவது நான் பொய் சொன்னேனா, நீங்களே சொல்லுங்கள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அதோடு விடாமல், தண்ணீர் குடிப்பதுபோல் சமையலறைக்குப் போய் உங்கள் அத்தையைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். "அம்மா, அவர் முன்னாடி சொல்ல வேண்டாம்னு பார்த்தேன். நிஜமா எப்படி இருக்கு? உங்களால தாங்க முடியுதா?" என்று கேட்டாள். உங்கள் அத்தை என்ன சொன்னாள் தெரியுமா? "அதெல்லாம் ஒரு கஷ்டமும் இல்லைம்மா. அவர் வேலையை அவரே பார்த்துக்குவார். டீ குடிச்சிட்டுப் போம்மா" என்றாள். கல்யாணமான இந்த முப்பத்தெட்டு வருடத்தில் வெளியாள் முன்னால் என்னை அவள் ஒரு தடவையாவது விட்டுக்கொடுத்தது கிடையாது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தப் பெண் கேட்டைத் தாண்டவும், கால் நழுவி நான் நாற்காலியிலிருந்து தரைக்கு வரவும் சரியாக இருந்தது. அத்தை கரண்டியால் சுவரில் மூன்று தட்டுத் தட்டினாள். அது எங்களுக்குள் இருக்கிற ஏற்பாடு. மூன்று தட்டு என்றால் சலுகை வந்து தூக்கிவிடுவார். வந்தார், தூக்கினார், போனார். வேலையில்லாத ஆள்தானே, கூப்பிட்டால் வர என்ன கஷ்டம்?

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. விண்ணப்பதாரர் தம் அன்றாடக் காரியங்கள் அனைத்தையும் எவர் துணையுமின்றிச் செய்துகொள்கிறார், ஆகவே உதவியாள் தேவையில்லை என்று முத்திரை போட்டு எழுதியிருந்தார்கள். நீங்கள் இதை நிராகரிப்பு என்கிறீர்கள். நான் நற்சான்று என்கிறேன். முப்பத்தோரு வருட வேலையில் ஒருவனும் எனக்கு இப்படி எழுதிக் கொடுத்ததில்லை. கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டச் சொன்னேன். அத்தை ஸ்டூலில் ஏறி மாட்டினாள். இறங்கும்போது "அம்மாடி" என்றாள். ஏன் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள்.

அந்தக் கடிதத்துக்குக் கீழேயே இன்னொரு தாள் இருந்தது. அதுதான் எனக்குக் கிடைத்த உண்மையான மரியாதை. அந்தப் பெண் என்னைப் பற்றித் தன் மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறாள். உதவி கேட்டு வருகிறவர்கள் காத்திருக்கும் கூடத்தில் வாரம் ஒரு தடவை யாராவது பத்து நிமிடம் பேசுவார்களாம். சொந்தக் காலில் நிற்பது எப்படி என்ற தலைப்பில் நான் வந்து என் அனுபவத்தைச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முடியுமாவா? அன்று மத்தியானமே அத்தையை உட்காரவைத்து உரையை எழுதச் சொல்லிவிட்டேன். ஆறு பக்கம் வந்தது. அவள், "நீங்க அங்க எப்படிப் போவீங்க?" என்று மட்டும்தான் கேட்டாள். பஸ்ஸில்தான், நான் வேறு எதில் போவேன்?

பழைய ஊழியர்களுக்குக் கம்பெனி கொடுத்த இலவசப் பாஸ் என்னிடம் இருக்கிறது. மனைவிக்கும் சேர்த்துச் செல்லும். இது சலுகை அல்ல, உரிமை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நேரில் வரும்போது விளக்குகிறேன், கடிதத்தில் எழுதினால் நீளும். என்னை ஏற்றி இறக்கப் பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார். சக்கர நாற்காலியை எடுத்து வரட்டுமா என்றார். சொந்தக் காலில் நிற்பதைப் பற்றிப் பேசப்போகிறவன் சக்கரத்தில் போய் இறங்கினால் நன்றாகவா இருக்கும் என்று அதட்டி, வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பஸ்ஸில் கண்டக்டர் வந்தார். நான் பாஸை நீட்டினேன், அதாவது அத்தை என் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அன்றைக்கு எங்கள் மூவரில் காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவர் சலுகை ஒருவர்தான். அதை நான் கவனித்தேன். இந்தக் கடிதத்துக்கு அது சம்பந்தமில்லை.

அலுவலகம் இரண்டாம் மாடியில். கை கால் முடியாதவர்கள் வந்துபோகிற அலுவலகத்தை இரண்டாம் மாடியில் வைத்திருக்கிறார்கள். லிஃப்ட் வாசலில் "பழுது" என்று எழுதி ஒட்டியிருந்தது, அந்தத் தாளே பழுப்பேறிப் போயிருந்தது. என்ன செய்வது? வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். பின்பக்கம் சலுகை, முன்பக்கம் நாற்காலியின் ஒரு காலை வாசல் காவலாளியும் இன்னொரு காலை ஜெராக்ஸ் கடைக்காரரும் பிடித்துக்கொள்ள, என் வலது கால் படியில் இழுபடாமல் இருக்க உங்கள் அத்தை அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குனிந்தபடியே ஏறினாள். அவள் கக்கத்தில் என் உரையும் இருந்தது. நாற்பத்திரண்டு படி. ஏறுகிற வழியெல்லாம் நான் அவர்களுக்கு, "இடது பக்கம் தூக்குங்க, அவசரப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஆள்கள் எத்தனை பேர் இருந்தாலும் வழிகாட்ட ஒருவன் வேண்டியிருக்கிறது.

கூடத்தில் நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் நுழைந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் தன் டோக்கனை நீட்டி, "பாவம், இவரை முதல்ல விடுங்கப்பா, ரொம்ப முடியாதவரா இருக்கார்" என்றாள். நான் பேச வந்தவன் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. என்னை மதிப்பிட்ட அந்தப் பெண் மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தாள். நாற்காலி உள்ளே வந்ததைப் பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள்.

உரை நன்றாகத்தான் போனது. அத்தை பக்கங்களை ஒவ்வொன்றாக என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். "யார் தோளிலும் சாயாதீர்கள்" என்ற இடத்தில் நான் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்துவிட்டேன், அவள் தோளைக் கொடுத்து நிமிர்த்தினாள். கூடத்தில் ஒரு மாதிரியாக இருமினார்கள். ஊன்றுகட்டைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "ஐயா, எழுந்து நின்னு சொன்னீங்கன்னா இன்னும் நல்லா கேட்கும்" என்றாள். மைக் சரியாக இருக்கிறது, நிற்க வேண்டிய அவசியமில்லை என்று பதில் சொன்னேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு வயதானவர், பெயிண்ட் வேலை பார்த்தவர் என்று நினைக்கிறேன், விரல் இடுக்கிலெல்லாம் பெயிண்ட் இருந்தது, அவர் கையைத் தூக்கினார். "பக்கத்துல நிக்கிறாங்களே, அந்தம்மா யாருங்க?" என் மனைவி என்றேன். "கொடுத்துவெச்சவர் ஐயா நீங்க. உங்களுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு அரசாங்கம் இருக்குது. எனக்கும் இருந்துச்சு. போன வருஷம் போயிட்டா. அதனாலதான் இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, மாப்பிள்ளை. அப்படிச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். அடுத்த பக்கத்தைப் பிடி என்று அத்தையிடம் சொன்னேன், அதற்குள் பத்து நிமிடம் முடிந்துவிட்டது என்றார்கள். உரையில் இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருந்தது.

இறங்கும்போதுதான் அது நடந்தது. எட்டாவது படியோ ஒன்பதாவது படியோ. குனிந்தபடி என் காலைப் பிடித்துக்கொண்டு வந்த உங்கள் அத்தை திடீரென்று நின்றுவிட்டாள். நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. அப்படியே மடித்துவைத்த மாதிரி நின்றாள். "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்லைங்க" என்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது, என் காலை மட்டும் விடவில்லை. "காலை விடு, காலை விட்டுட்டு உட்காரு" என்று கத்தினேன். கேட்கவில்லை. என் கை எழும்பியிருந்தால் அவளை ஒரு பக்கம் பிடித்திருப்பேன். எழும்பவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. ரொம்பப் பயமாகிவிட்டது. இந்த நாலு வரியை எழுத வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், அவள் எழுதிக்கொண்டே போகிறாள்.

என்னை மதிப்பிட்ட அந்தப் பெண் மேலேயிருந்து ஓடி வந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள். அதற்குப் பிறகு நாற்காலியில் இறங்கியது அத்தை, நான் படியில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவளைக் கீழே விட்டுவிட்டு வந்து அப்புறம் என்னை இறக்கினார்கள். என்னிடம் அந்தப் பெண், "ஏன் ஐயா, அன்னிக்கு இதை எங்கிட்டச் சொல்லலை?" என்று கேட்டாள். குரலில் கோபம் இருந்தது. நீ கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேனேம்மா என்றேன். "மேல்முறையீடு போடுங்க. நான் மறுபடி வர்றேன்" என்று படிவத்தைச் சலுகை கையில் கொடுத்தாள். என் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துவைத்திருக்கிறாள்.

இப்போது நிலைமை இதுதான். அத்தைக்கு ஒரு வாரம் படுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். படுத்திருக்கிறாள், எனக்கு வேண்டியதைச் செய்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டுதான் இதையும் எழுதுகிறாள். இடையில் இரண்டு தடவை பேனாவை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், நான் அவசரப்படுத்தவில்லை. காலையில் சலுகை வந்து முதலில் என்னைத் தூக்குகிறார், அப்புறம் அவள் எழுந்திருக்கக் கை கொடுக்கிறார், அப்புறம் எங்கள் அடுப்பிலேயே எங்களுக்கு டீ போடுகிறார். சர்க்கரை அதிகம். நான் சொல்லவில்லை. இவரை இந்த நாடு சும்மா உட்காரவைத்துச் சோறு போடுகிறது என்று நான் சொல்லிவந்ததில் ஒரு சின்னத் திருத்தம் செய்ய வேண்டியிருக்கலாம். அவ்வளவுதான். கொள்கையில் மாற்றமில்லை.

ஆகவே மாப்பிள்ளை, நான் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மேல்முறையீடு வேண்டாம். நீங்கள் லீவு போட்டுக்கொண்டு வரவும் வேண்டாம். அந்தப் படிவத்தைக் கிழித்துப் போடும்படி இப்போதே அத்தையிடம் சொல்லிவிட்டேன். கிழித்துவிட்டாள், சத்தம் கேட்டது. ஒரு மனுஷன் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டால் எந்த அரசாங்கத்தின் தயவும் வேண்டாம் என்பதற்கு இந்த வீடே சாட்சி. அத்தையின் இடுப்பு பத்து நாளில் சரியாகிவிடும். சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

உங்களுக்குப் பதவி உயர்வும், மகளுக்கு மனநிம்மதியும், பேத்திக்கு நல்ல படிப்பும் வாய்த்து, மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
யார் கையையும் எதிர்பாராத
உங்கள் மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை. அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிவிட்டேன். அடைப்புக்குறியும் அந்தப் படிக்கட்டு நாலு வரியும் மட்டும் என் இஷ்டம். இப்போது மத்தியானத் தூக்கம் போடுகிறார், அதனால் தைரியமாக எழுதுகிறேன். கிழித்தது போன மாதக் காலண்டர் தாள். படிவம் திங்கட்கிழமையே கையெழுத்தாகிப் போய்விட்டது. பக்கத்து வீட்டுத் தம்பிதான் கொண்டுபோய்க் கொடுத்தார். கையெழுத்து உங்கள் மாமாவுடையதுதான், நான் அவர் கையைப் பிடித்துப் போட்டேன். என்ன தாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மேலேயே எல்லாப் பழியையும் போட முடியாது. அன்றைக்குச் சமையலறையில் அந்தப் பொண்ணு அவ்வளவு பிரியமாகக் கேட்டது, என் வாயில் வந்தது "ஒரு கஷ்டமும் இல்லை". யார் கேட்டாலும் அதையே சொல்லிப் பழகிவிட்டது. மகள் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன், உங்களிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். என்னால் முடியவில்லை மாப்பிள்ளை. இதை வாயால் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பொண்ணு வருகிற வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி வருகிறாள். போனில் என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "அம்மா, நீங்க பக்கத்துல இருந்தா அவருக்கு என்ன முடியலைன்னு எனக்குத் தெரியவே தெரியாது. நான் வந்ததும் நீங்க ஒரு மணி நேரம் வெளிய போயிடுங்க. அவரை நான் பத்திரமா பார்த்துக்கறேன்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டில் போய் உட்காருவதாக ஏற்பாடு. சுவருக்கு அந்தப் பக்கம்தான். அவர் கூப்பிட்டால் எனக்கு நன்றாகக் கேட்கும். நிச்சயம் கூப்பிடுவார். முதலில் அதட்டிக் கூப்பிடுவார், அப்புறம் சாதாரணமாகக் கூப்பிடுவார், அதற்கப்புறம் எப்படிக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் அவரிடம் போகாமல் இருக்க என்னால் ஆகாது. உங்களை வர வேண்டாம் என்று அவர் எழுதச் சொன்னார், எழுதியாகிவிட்டது. நீங்கள் புதன்கிழமையே கிளம்பி வாருங்கள். அவரை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டாம். அந்த ஒரு மணி நேரமும் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுந்து ஓடிவிடாமல் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.